விருந்தறையில் ஒரு பம்பு

டெட்ராய்டில் இருக்கும் மச்சான் ரிஃபாத் அவர்களுக்கு, ஸலாம் சொல்லி உங்கள் தங்கை புருஷன் நஸீஹ் எழுதுவது. அங்கே நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் கிணற்று மோட்டார் புகைந்துபோய், உங்கள் ஊர்த் தொண்டு நிறுவனம் புது பம்பு அனுப்பியது தெரியும்தானே? நம் அரசாங்கத்துக்கு நேராகவோ வேறு கை வழியாகவோ எந்த உதவியும் போகக்கூடாது என்று உங்கள் நாட்டில் தடையாம். கிணறோ அரசாங்கத்துடையது. அதனால் ஒரு தனிமனிதர் பொறுப்பில் பம்பு இருக்கட்டும் என்றார்கள். தெருவிலேயே அகலமான வாசல் நம்முடையது, எல்லோரும் என்னைக் கைகாட்ட, அரசாங்கத்தின் கையில் கொடுக்க மாட்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டேன், பம்பு விருந்தறைக்கு வந்து சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. புதுப் பொருள் வந்தால் வாழ்த்த வருவார்கள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் முடியுமா? "பம்பைப் பாக்க வந்தவங்களுக்குக் காப்பி போட்டே லாரித் தண்ணி தீந்துபோச்சு. நல்ல பம்புய்யா!" என்கிறாள் உங்கள் தங்கை வஃபா.

போன வாரம் தடைக்கு விலக்கு கொடுத்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். குடிநீர் ஆபீஸ் அபூ நவ்ஃபல் ஓடிவந்து பம்பைக் கட்டிக்கொண்டார். நிறுவனத்துப் பெண்ணுக்குப் போன் போட்டோம்.

"விலக்கு இனிமே வர்ற உதவிக்குத்தான் சார். இது முன்னாடியே வந்துட்டது. எல்லை தாண்டித் திரும்பப் போய், புதுசா வரணும்."

"ஏம்மா, ஹஜ்ஜுக்கா அனுப்புறோம், போயிட்டு வந்தாத்தான் பாவம் தீரும்னு?" என்றார் அபூ நவ்ஃபல்.

வியாழக்கிழமை ஏற்றிப்போக லாரி வருகிறது. போனால் திரும்பாது என்று பயமாக இருக்கிறது மச்சான். எனக்கு அலுத்துவிட்டது. ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவன், போட்ட கையெழுத்தை மீற மாட்டேன். நீங்கள்தான் அவர்கள் தலைமை அலுவலகத்தில் போய்க் கெஞ்ச வேண்டும். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ.

இப்படிக்கு,
நஸீஹ்

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ரொட்டி வாங்கும் வரிசைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பினால் விருந்தறை காலி. வஃபாவும் தெருப் பெண்களும் அபூ நவ்ஃபலின் ஆட்களைக் கூட்டிவந்து பம்பைக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டிவிட்டார்கள். "கையெழுத்துப் போட்டது நீங்க. நான் போடலையே" என்கிறாள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் வீட்டுக் குழாய் இருமியது, துருவாகக் கக்கியது, பிறகு தண்ணீர் வந்தது. நான் அழுதுவிட்டேன் மச்சான். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். அந்த அலுவலகத்திலிருந்து யாராவது என்னை விசாரித்தால், குளித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.