இத்தாலிக்காரரும் என் தாடையும்

ஒரு குத்துச்சண்டை வீரர் எப்படிப்பட்டவர் என்று சொல்வதற்கு, அவர் சண்டை போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் என் மாமனார் வீட்டுச் சொந்தபந்தம் அத்தனை பேரும், ஓய்வுபெற்ற ஓர் இத்தாலிய ஹெவிவெயிட் வீரரின் தகுதியை, நான் கீழே விழுந்ததை வைத்து முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க மலேசியாவின் கேமரன் மலையில் ஓர் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை மட்டும் எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பு கிளம்பிவிடும்.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்கிறேன். மலைபோல உடம்பு. இடது கை இருக்கிறதே, அது நம் வீட்டு வாசலில் புறப்பட்டு அடுத்த வீட்டு மூக்கில் போய் நிற்கும். பட்டத்தை ஒருமுறை வென்றார், சீக்கிரமே இழந்தார். (இழக்காதவர் யார்?) கால்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அவருடைய கால்களுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் விழுந்தால் எழுந்திருப்பார். மறுபடி விழுவார், மறுபடி எழுந்திருப்பார். அந்த ஆண்மைக்காகவே பழைய சண்டைகளைத் தேடித் தேடிக் கைபேசியில் பார்ப்பேன். அப்போது எனக்கு ரிங்லெட்டில் தண்ணீர் பம்பு பழுதுபார்க்கும் கடை. பெர்த்தாம் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், அரை மணி நேரம் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் பம்பை வாங்கிப் போக முடியும்.

இந்த நிலையில்தான் அம்மாவும் சித்தப்பாவும் நானும் எனக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண் மாலினி, பிரிஞ்சாங்கில் ஒரு பூ நர்சரியில் வேலை. அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மண்டோர்தான். காடியில் (எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர்) போகும்போதே அம்மா என்னை எச்சரித்தார்.

"அங்க வாயத் தொறக்காத. என்ன கேட்டாலும் தலய மட்டும் ஆட்டு. அந்த குத்துச்சண்டக் கதைய எடுத்தே, நான் நடந்தே வீட்டுக்குப் போயிருவேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், கதையை எடுத்தது நான் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் பழைய சண்டை ஒன்று. பார்த்தால், அவர்! என் இத்தாலிக்காரர்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தேன். அம்மா பெண்ணின் தாயாரோடு சமையலறைக்குப் போனார். சித்தப்பா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அப்போதுதான் மண்டோர் திரையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இவன்லாம் ஒரு பாக்ஸரா லா? பள்ளத்துல மாட்டுன லோரி மாதிரி நிக்கிறான்."

என் தலை ஆடவில்லை. வாய் ஆடியது.

"மாமா, அவரு சாம்பியன்."

"யார அடிச்சு சாம்பியன்? ஆரம்பத்துல அவன்கிட்ட அடி வாங்குனவன்லாம் ரொட்டிக்கடைக்காரன், தபால்காரன்."

"தபால்காரன் சாயங்காலம் பாக்ஸிங் பண்ணக் கூடாதா மாமா?"

"பண்ணலாம். அவன அடிச்சிட்டு பெல்ட்டு மாட்டிக்கக் கூடாது."

சித்தப்பா மெதுவாக இருமினார். "தம்பி, நாம பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை.

"பெரிய ஆளுங்கள்லாம் அவர விழ வச்சிருக்காங்க, ஒத்துக்கிறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சாரு மாமா!"

"அதத்தான் நானும் சொல்றேன். எந்திரிக்கிறதுல கெட்டிக்காரன். விழுந்து விழுந்து பழகிட்டான்ல?"

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தேன். அறையின் நடுவில் போய் நின்று, இத்தாலிக்காரர் நிற்பதைப் போலவே இடது கையை நீட்டி, வலது கையைத் தாடைக்கு அருகில் வைத்துக் காட்டினேன்.

"இந்தக் கையத் தாண்டி ஒருத்தர் உள்ள வரட்டும் பாப்போம்!"

மண்டோர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வரட்டா?"

"வாங்க மாமா."

அவர் வந்தார்.

இந்த இடத்தில் சில உண்மைகளைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தரை சிவப்பு சிமெண்ட். மெழுகு போட்டுத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டிருந்தேன். காலில் குளிருக்குப் போட்ட நைலான் காலுறை. இத்தாலிக்காரர் தன் வாழ்நாளில் ஒரு சண்டையையாவது நைலான் காலுறையோடு மெழுகுத் தரையில் போட்டிருப்பாரா? எதிரில் வந்தவரோ மண்டோர் ஆகும்வரை கொழுந்து மூட்டை தூக்கிய கைக்காரர். என் தாடையில் அவர் குத்தினாரா என்றால், "லேசாத் தொட்டேன்" என்று இன்றுவரை சொல்கிறார். தொட்டதற்கே என் கால்கள் இரண்டும் தபா ஊர்ப் பக்கம் போயின, தலை பிரிஞ்சாங் பக்கம் போனது. நடு உடம்பு, நாங்களே கொண்டுபோயிருந்த பழத்தட்டில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மாலினி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். வாழைப்பழத்தின் மேல் படுத்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அலாமாக்" என்றாள், மலாய்க்காரர்களின் 'ஐயையோ'. என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

ஆனால் அடுத்த நிமிடம் தட்டை வைத்துவிட்டு ஓடிப் போய், குளிர்பெட்டியில் இருந்து உறைந்த ஸ்ட்ராபெரிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் தாடையில் அழுத்தினாள். பொட்டலத்தில் ஓட்டை. சாறு கழுத்தில் இறங்கி வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பானது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா போட்ட அலறலில் பக்கத்து லயத்து ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

"ஐயோ, எம்புள்ளயக் கொன்னுட்டாங்களே!"

ஸ்ட்ராபெரி என்று தெரிந்த பிறகு அம்மாவின் கோபம் இன்னும் ஏறியது. "எந்திரிடா, போலாம். மாப்பிள்ளைய அடிக்கிற வீட்ல எனக்கு சம்பந்தம் வேணாம்" என்று வாசலுக்குப் போய்ச் செருப்பையே மாட்டத் தொடங்கிவிட்டார். மண்டோர் வெளிறிப் போய், "தெரியாமப் பட்டுருச்சு தங்கச்சி" என்று கையைப் பிசைந்தார். தாடையில் அழுத்திய பொட்டலம் வாயைத் திறக்க விடவில்லை. பேச முடிந்திருந்தால், பிரச்சினை என் தாடை அல்ல, அந்த இத்தாலிக்காரரின் மானம் என்று சொல்லியிருப்பேன்.

மாலினி பொட்டலத்தை எடுத்துவிட்டுக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "நெசமாவே அந்த ஆளு நல்லா ஆடுவாரா?"

என் ஆயுளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரிடமும் நானாகத்தான் சொல்லியிருக்கிறேன். வலியோடு சொன்னேன்: இடது கை நல்ல கை, கால் மோசம், நெஞ்சு பெரிய நெஞ்சு. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள்.

"ஏம்பா, நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடி மணி அடிச்சாங்களா?"

"மணியா? இல்ல."

"அப்ப இது செல்லாது லா. இவரு தோக்கல."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்ற அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வீட்ல நியாயம் பேசறதுக்கு ஒரு ஆளாச்சும் இருக்கு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரைக் குடித்தோம். அன்றைக்கே தேதியும் பேசி முடித்தார்கள்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் லயத்து வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே அந்தத் தோட்டத்தில் 'இத்தாலி' என்றால் 'விழுவது' என்று ஆகிவிட்டது. பால் கொட்டினால், "பால் இத்தாலியாயிருச்சு." மழையில் மண் சரிந்தால், "ரோடு இத்தாலி, சுத்திப் போங்க." நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். விழுந்தது இத்தாலி இல்லை, குணசேகரனாகிய நான். வேண்டுமானால் 'குணசேகரனாயிருச்சு' என்று சொல்லுங்கள் என்று. (நீளமாக இருக்கிறதாம்.)

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் ஆசிரியை உலகப் படத்தை மாட்டி, "இத்தாலி எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் எழுந்து நின்று, சந்தேகமே இல்லாமல், "கீழ டீச்சர்" என்றிருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தரையைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

விட முடியுமா? ஆசிரியையின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஆதியிலிருந்து விளக்கினேன்: அந்த இடது கை, அந்தப் பட்டம், மெழுகுத் தரை, அடிக்கப்படாத மணி. அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன். நாற்காலிக் காலில் என் கால் சிக்கியது.

"பாத்து சார்!" என்று ஆசிரியை பதறினார். "இத்தாலியாயிரப் போறீங்க!"