கரையக் கூடாத கட்டி

இந்தக் கட்டி கரையவே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

மேல் இமையில் பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. கண் டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"எண்ணெய்ச் சுரப்பி அடைச்சிருக்கு. முதல்ல வெந்நீர் ஒத்தடம். படுத்து, கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். அப்புறம் லேசா தடவி விடுங்க. கரையலைன்னா ஊசி. அதுக்கும் மசியலைன்னா சின்னதா கீறி எடுத்துடலாம்."

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். படுத்து, கண்ணை மூடிக்கிட்டு.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன். நாள் முழுக்க ஒரு ஓட்டை வழியாகக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தால் குப்பைப் பை, தண்ணீர் கேன், மூன்று மாடி. கல்யாணமான நாளிலிருந்து பகலில் நான் படுத்ததாகச் சரித்திரமே இல்லை. உண்மையாகவே அலுத்துப் போயிருந்தேன்.

கட்டி வந்ததும் ராஜ வாழ்க்கை. மனைவி வெந்நீரில் துணியைப் பிழிந்து கண்ணில் வைப்பாள். குழாய் ஒழுகும், நான் எழுந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் பீரோ நகர்த்தக் கூப்பிடுவார்.

"அவருக்குக் கண்ணுல கட்டிங்க."

"கண்ணாலயா பீரோவைத் தூக்கப் போறாரு?"

"டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காரு."

அவள் எனக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை. துணிக்கு அடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பாழாய்ப்போன ஒத்தடம் வேலை செய்துவிட்டது. ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது பார்த்தால் கட்டியைக் காணோம். உடனே கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒத்தடத்துக்கு மட்டும் கழற்றுவேன். அப்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அது போதும் என்று நினைத்தேன்.

"இன்னும் வலிக்குதாங்க?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"ஐயோ பாவம்."

ஒரு வாரம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம் டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். இத்தனை நாளா கரையலைன்னா ஊசிதானாம். போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"ஊசியா? எங்க போடுவாங்க?"

"இமையிலதான். பின்ன, இடுப்புலயா?"

டீ என் சட்டையில் கொட்டியது. கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன்.

"பாரு! போயிடுச்சு! இப்பத்தான், இந்த நிமிஷம்!"

கிட்டே வந்து பார்த்தாள்.

"ஆமாங்க. அதிசயமாத்தான் இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு நேராகப் போய் என் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னாச்சு உனக்கு?"

"எனக்கும் கட்டி வந்திருக்கு. குப்பையைப் போட்டுட்டு, குழாயைப் பாத்துட்டு, ஒத்தடம் கொண்டாங்க."

அந்தக் குரலில் இருந்த அலுப்பு என்னுடையதைவிடப் பழையது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. குனிந்து இரண்டு இமையையும் உற்றுப் பார்த்தேன்.

"எங்கடி? ஒண்ணையும் காணோமே?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒரு வாரமா உங்களுதையும்தான் காணோம். நான் ஏதாவது கேட்டேனா?"

ஒத்தடத் துணி எங்கே காய்கிறது என்றுகூட அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.