எலுமிச்சம்பழம் ஒப்புதல் அளித்த கடைக்கால்

உலகின் தலைசிறந்த மண் ஆய்வுக்கூடம் மரக்காணத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்பதைப் பெருமிதத்தோடு அறிவித்துக்கொள்கிறேன். அதன் நிரந்தரத் தலைவர் என் அப்பா தனக்கோடி. கருவிகள்: ஓர் எலுமிச்சம்பழம், ஒரு செல்போன், நான்கு ஆண் கால்கள்.

அண்ணன் சரத்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் இருப்பதோ ஒரே அறை. கொல்லைப் பக்கம் இன்னோர் அறையை ஒட்டிக் கட்ட முடிவாயிற்று. நான் சிவில் இன்ஜினீயர். எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். புதுச்சேரியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. அங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கடைக்கால் பள்ளத்தில் இறங்கி, மண்ணைப் பார்த்து நான் தலையாட்டினால்தான் கான்கிரீட் வண்டி நகரும். அத்தகைய தகுதி உடையவள் என்பதால் வீட்டில் நடந்த உயர்மட்டக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டீ போட.

ஓய்வுபெற்ற கண்டக்டரும், யூடியூப் பார்த்து ‘வாஸ்து நிபுணர்’ ஆனவருமான சுப்ராயன் மாமா, செல்போன் திசைகாட்டியால் தென்மேற்குக் கன்னிமூலையைக் கண்டுபிடித்தார். ‘தானே’ புயலில் விழுந்த தென்னையையும் கொட்டகைக் கூரையையும் போட்டு மூடிய பழைய குழி இருந்ததும் அதே மூலையில்தான்.

“அப்பா, அங்க குழி இருந்ததே?”

“இருந்துச்சு. அதான் மூடிட்டம்ல? அப்புறம் என்னா குழி?”

இப்படிப்பட்ட தர்க்கத்துக்குக் கல்லூரியில் பாடமே கிடையாது.

பள்ளம் தோண்டினார்கள். கன்னிமூலையில் மக்கிப்போன தென்னை மட்டை வந்தது. மேஸ்திரி கலியமூர்த்தி அதை ஓரமாக வீசிவிட்டு, “மரம் வாழ்ந்த எடம். ராசியான மண்ணு” என்று சான்றளித்தார். ஊறி நின்ற தண்ணீரில் மாமா எலுமிச்சம்பழத்தைப் போட்டார். அது வலப்பக்கமாகச் சுற்றியது. மண் தேறிவிட்டது.

“நான் எறங்கிப் பாக்குறேன்” என்றேன்.

மேஸ்திரி கையை நீட்டி மறித்தார். “கடைக்கால்ல பொம்பள எறங்கக் கூடாது பாப்பா. கட்டடத்துக்கு ஆவாது.”

அந்த நேரத்தில் பள்ளத்துக்குள் முழங்கால் சேற்றில் நின்று கூடையில் மண் வாரிக்கொண்டிருந்தது என் அம்மா செல்லம்மாள்.

“அப்போ அவங்க யாரு?”

“அவங்க மண்ணு அள்ள எறங்கியிருக்காங்க. நீ கொற சொல்ல எறங்குற. வித்தியாசம் இருக்குதுல்ல?”

இருக்கிறது. நான் கரையில் நின்றபடியே கன்னிமூலையில் ஒரு கம்பியைக் குத்தினேன். முழங்கை நீளத்துக்கு ஒரே அழுத்தில் போனது.

“கம்பி கூரா இருக்குது பாப்பா, எறங்கத்தான் செய்யும்” என்றார் மேஸ்திரி. “சொவரு மொட்டையாதான இருக்கும்?”

குழியை அடிவரை தோண்டி மட்டையை எடுங்கள், கிராவல் கொட்டி அடுக்கடுக்காக இடியுங்கள் என்றேன். அப்பா சிரித்தார். நாங்கள் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் குடும்பம். ஈரக் களிமண்ணை வெறுங்காலால் மிதித்து மிதித்து, தண்ணீர் கீழே இறங்காதபடி வழவழப்பாக்கினால் பாத்தி தயார்.

“நம்ம காலுக்கு மேல மெஷினு வந்துடுச்சா? டேய் சரத்து, எறங்குடா!”

உப்பளத்துக் களி டிராக்டரில் வந்தது. அப்பாவும் அண்ணனும் இறங்கி மிதித்தார்கள். அடடா, முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு!

“அப்பா, பாத்தி தண்ணியத் தாங்குனா போதும். இது சொவத்தத் தாங்கணும்.”

“தண்ணியே எறங்கல. சொவரா எறங்கிடப்போவுது?”

சுவர் இறங்கியது. அறை கட்டி முடித்தபின் வந்த முதல் மழைக்கே கன்னிமூலை உட்கார்ந்துவிட்டது. கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு. அதில் பல்லி குடித்தனம் செய்கிறது. ஆனாலும் அப்பாவின் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. மழை விட்டுக் காய்ந்ததும் சுவரின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்தது. முறையாக மிதித்த பாத்தி. முதல் விளைச்சல்.

உடனடியாக விசாரணைக் குழு கூடியது. நான் டீ போட்டேன். மேஸ்திரி வெடிப்பைத் தடவிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“அன்னைக்குப் பாப்பா கம்பியால குத்துச்சே, அதே எடம்!”

குழு ஏகமனதாக என்னைப் பார்த்தது.

கல்யாணம் நெருங்கிவிட்டது. அப்பா கவலையோடு சொன்னார்: “வர்ற பொண்ண இந்த ரூம்ல எப்படிப் படுக்க வெக்கிறது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சம்மந்திங்க கேக்க மாட்டாங்களா? அதுங்க பழைய ரூம்ல இருக்கட்டும். செல்லம்மா, நீயும் வினோதினியும் இதுல படுத்துக்குங்க.”

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க கேப்பாங்க?”

“அடப் போடி! அதான் இன்ஜினீயரு கூடவே படுக்குதே. வுழப்போவுதுன்னா முன்னாடியே தெரியாதா அதுக்கு?”

என் பட்டத்தை எங்கள் வீடு முதன்முதலாக அங்கீகரித்த பொன்னான தருணம் அது.

கல்யாணம் சிறப்பாக நடந்து முடிந்தது. ஆய்வுக்கூடமும் தொய்வில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. கருவிகள் மட்டும் மாறியிருக்கின்றன. எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக அம்மா, செல்போனுக்குப் பதிலாக நான். காலையில் நாங்கள் எழுந்து வந்து டீ போட்டால், மண் நல்ல மண்.