முதிர்ந்த சருமத்துக்கு வந்த பார்சல்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
1994 சித்திரை.

லண்டன் மாநகரில் குளிருக்குள் பத்திரமாகக் குடியிருக்கும் மைத்துனர் தில்லைநாதன் அவர்களுக்கு, உமது அக்கா செல்வநாயகியின் கணவனும், இளைப்பாறிய பொதுச் சுகாதாரப் பரிசோதகனும், உமது அன்பளிப்பின் புண்ணியத்தில் பால்தேத்தண்ணியை மறந்து போனவனுமாகிய அத்தான் பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது. இணுவில் கந்தசுவாமியார் கிருபையால் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீரும் உமது மனைவி மக்களும் நலமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். மரியாதைக்கு இவ்வளவும் போதும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் எழுதிய கடிதத்தில் நான் உம்மிடம் கேட்டது இரண்டே இரண்டு சாமான். என்ரை இழுப்புக்கு மருந்து, குளிக்கச் சவர்க்காரம். இங்கே சவர்க்காரத்தைக் கண்ணால் காணாமல் சனம் பனம்பழத்தைப் பிழிந்து வேட்டி தோய்க்குது என்றும் விளக்கமாக எழுதியிருந்தேன். நீர் என்ன செய்தீர்? ஆரோ ஒரு புண்ணியவான் கிளாலிக் கடலில் வள்ளத்துக்குள் குந்தியிருந்து, மேலே என்ன பறக்குது என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்து, மடிக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து தந்த பார்சலை நாங்கள் ஆசை ஆசையாகப் பிரித்தால், உள்ளே ஆறு கிறீம் போத்தல்! முகத்துக்குப் பூசுகிற கிறீம்! உமக்கு என்ன விசரா என்று நான் கேட்கவில்லை, கடிதத்தில் அப்படிக் கேட்கக்கூடாது. பெட்டிகளில் பொன்னெழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. உமது அக்கா குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "இஞ்சேருங்கோ, தம்பி என்ன எழுதி அனுப்பியிருக்கிறான்?" என்று கேட்டா. சேவைக்காலம் முழுவதும் அரசாங்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகினவன் நான். "முதிர்ந்த சருமத்துக்கு உரியது" என்று வாசித்துச் சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான். "முதிர்ந்த சருமமோ? உவனைக் கிணத்தடியில வைச்சு முதுகு தேய்ச்சுக் குளிப்பாட்டினது ஆர்? உவன்ரை சிரங்குக்கு வேப்பிலை அரைச்சுப் பூசினது ஆர்? இப்ப என்ரை தோல் முதிர்ந்து போச்செண்டு பெட்டியில அச்சடிச்சு அனுப்புறானோ?" என்று ஒரே அழுகை. "அதைத் தம்பி அச்சடிக்கேல்லையப்பா, கொம்பனிக்காரன் அச்சடிச்சது" என்றேன். "தேடி வாங்கினது அவன்தானே!" என்றா. இதற்கு மறுமொழி இருந்தால் நீரே எழுதி அனுப்பும்.

இந்தச் சனியன் எல்லாம் உம்மால் தொடங்கினதுதான். எங்கள் மகள் குணலட்சுமிக்கு லண்டனில் ஒரு நல்ல பெடியன் இருக்கிறான், தாய் இணுவிலில்தான் இருக்கிறா, தரகர் கனகரத்தினத்தைப் பிடியுங்கோ என்று எழுதினது நீர். பிடித்தோம். பெட்டையின் படத்தைக் கொடுத்தோம். சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கைக்கு வந்து குழம்பினது உமக்குத் தெரியும். அதற்குப் பிறகு பிள்ளை வாய்விட்டு ஒன்றும் கேட்பதில்லை, வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எட்டிப் பார்ப்பாள். ஆகவே இதை எப்படியாவது ஒப்பேற்றிவிட வேண்டும் என்று நாங்கள் ஆலாய்ப் பறந்துகொண்டிருக்கையில், கனகரத்தினம் வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொல்லுகிறான்: "அண்ணை, பெடியன்ரை தாய் மகாதேவியம்மாவுக்குப் பெட்டையை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. ஆனால் பெட்டையின்ரை தாயை ஒருக்கா நேரில பாக்கவேணுமாம். ஐம்பது வயசில பெட்டை எப்பிடி இருப்பாள் எண்டு அப்பதானே தெரியுமாம்." கேட்டீரோ கதையை? பொம்பிளை பார்க்கிறது கேள்விப்பட்டிருக்கிறேன், மாமி பார்க்கிறதை நான் இந்தத் திருநெல்வேலிச் சந்தையில்கூடக் கேள்விப்பட்டதில்லை. பெட்டைக்கு அப்படியே என்ரை மூக்கு. என்னைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. நான் அவனைச் சைக்கிளோடு சேர்த்துத் துரத்தத்தான் எழும்பினேன். உமது அக்காதான் கையைப் பிடித்து இருத்தினா. "என்ரை முகத்தால பிள்ளையின்ரை வாழ்க்கை குழம்பினால் நான் பிறகு என்னெண்டு உயிரோட இருக்கிறது?" என்று கேட்டா. அதை நான் உமக்கு ஒரு செய்தியாகத்தான் எழுதினேன். போத்தல் கேட்டு எழுதவில்லை.

சரி, வந்துவிட்டது. எது கழுவ, எது கழுவினபின் பூச, எது பகலுக்கு, எது இரவுக்கு என்று நான்தான் கண்ணாடி போட்டு வாசித்து, கடுதாசித் துண்டில் நம்பர் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஆராய்ந்து பார்க்காத பண்டத்தை மனுசர் மேலே தடவ விட என் மனச்சாட்சி இடங்கொடாது. ஆகையால் நாலாம் நம்பரை, அந்த நீல மூடிப் போத்தலை, பரிசோதனைக்காக மட்டும் முதலில் என் கன்னத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். பரிசோதனைக்காக மட்டும். அடுத்த வீட்டுப் பூரணம், கொஞ்சக்காலம் கொழும்பில் இருந்துவிட்டு வந்தவ, அந்த உரிமையில் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தா. வெயில் படக்கூடாது என்றா. உடனே உமது அக்கா, நான் கடை கடையாய்ப் பரிசோதனைக்குப் பிடித்துக்கொண்டு போன கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மிளகாய் காயப்போடத் தொடங்கினா. தெருவால் போகிறவர்கள் எல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "ஐயா, அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்று என்னைக் கேட்கிறார்கள். இதுகூடப் பரவாயில்லை. சிரித்தால் கண்ணோரத்தில் சுருக்கம் விழும், ஆனபடியால் சிரிக்கவே கூடாது என்றும் பூரணம் சொல்லிப்போட்டா. உமது அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டா. நான் என்ன பகிடி விட்டாலும் முகம் கல்லு மாதிரி. ஷெல் விழுந்த நாளிலும் சிரித்த மனுசி. உமது பார்சல் வந்தபிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. இதைத்தான் நீர் காசு கொடுத்து வாங்கி அனுப்பினீர்.

அதற்குப் பிறகு சிவலை. எங்கள் சிவலைப் பசுவை உமக்குத் தெரியாது, நீர் போனபிறகு பிறந்தது, சாதுவான சீவன். நான் கன்றைப் பிடிக்க, செல்வநாயகி குந்தியிருந்து கறப்பா, செம்பு நிறையும். இரவுக் கிறீம் பூசின முகத்தோடு காலமை போய்க் குந்தினாவோ இல்லையோ, சிவலை திரும்பி ஒருமுறை மணந்து பார்த்தது, பிறகு ஆரோ அந்நியர் வந்துவிட்டார்கள் என்று பாலை ஒளித்துப்போட்டுது. தடவிக் கொடுத்தோம், புண்ணாக்கு வைத்தோம், "இது நான்தானடி!" என்று உமது அக்கா கெஞ்சினா. ஒரு சொட்டு இல்லை. அன்று தொடங்கி நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறேன். அங்கே நீர் குடிக்கிற ஒவ்வொரு கோப்பையிலும் இதை நினைத்துக்கொள்ளும்.

மகாதேவியம்மா வருகிற நாளும் வந்தது. பூரணம் விடியவே வந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆறாம் நம்பரை எடுத்திருக்கிறா. ஆறாம் நம்பர் நிறம் பூசுகிறது. அது என்ன நிறம் என்று கடையில் பார்த்து வாங்கினீரோ, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினீரோ? அது வெள்ளைக்காரியின் தோலுக்குச் செய்த நிறமையா! கதவைத் திறந்து வெளியே வந்தவவைப் பார்த்து, சொந்தப் புருசன் நான், ஆரெண்டு கேட்கப் போனேன். முகம் ஓர் ஊர், கழுத்து வேறு ஊர். கரண்ட் இல்லாத வீடு, காற்றாடி எங்கே? சித்திரை வெக்கையில் அது உருகத் தொடங்க, பூரணம் விசிறியால் விசிற, குணலட்சுமி, "அம்மா, தயவுசெய்து இதைக் கழுவுங்கோ" என்று அழ, "கழுவினால் முதிர்ந்தது தெரியுமடி!" என்று உமது அக்கா கத்த, படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

மகாதேவியம்மா தரகனோடு வந்து கதிரையில் இருந்தா. முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக்கொண்டே இருந்தா, வெக்கையாக்கும் என்று நினைத்தேன். தேத்தண்ணியில் வாய் வைக்கவில்லை. செல்வநாயகி அறை வாசலுக்கு வருகிறா, மகாதேவியம்மா நிமிர்கிறா, சரியாக அந்த நேரம் பார்த்து வானத்தில் குண்டு போடுகிற பொம்மர் இரைந்தது. பிறகென்ன சம்பந்தம், என்ன சம்பிரதாயம்? எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் ஓடி, முருங்கைக்குக் கீழே நான் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு வைத்திருக்கிற பங்கருக்குள் இறங்கினோம். தரகன் பலகாரத் தட்டோடு இறங்கினான். உள்ளே இருட்டு. ஆளுக்கு ஆள் முகம் தெரியாது, ஆனால் வாசம் தெரியும். மேலே அது சுற்றிச் சுற்றி இரைய, நான் தேவாரத்தை முணுமுணுக்க, மகாதேவியம்மாவின் குரல் மெல்லக் கேட்டது.

"பிள்ளை, இதென்ன வாசம்?"

உமது அக்காவுக்குப் பொய் வராது. "தம்பி லண்டனில இருந்து அனுப்பின கிறீம்."

மகாதேவியம்மா இன்னொருக்கால் மூக்கை உறிஞ்சினா. "நீல மூடியோ?"

"ஓம், நீல மூடி."

"பெட்டியில பொன்னெழுத்தோ?"

"ஓம்."

"என்ரை மோனும் உந்தக் கிறீமைத்தான் அனுப்பினவன். பொம்பிளை வீட்டுக்குப் போகேக்கை வடிவாப் போங்கோ அம்மா எண்டு கடிதமும் எழுதினவன். எனக்கென்ன, பொம்பிளையின்ரை தாய் என்னைப் பாத்து, இந்தக் கிழவியோ மாமி எண்டு நினைச்சுப்போடுவா எண்டு ஒரே பயம்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "உங்கடை மாடு பால் தருதோ?" என்று கேட்டா.

"பாலை ஒளிச்சுப்போட்டுது!"

"எங்கடை ஆடு எனக்குக் கிட்டவே வருகுதில்லை."

அப்போதுதான் உமது அக்கா சிரித்தா. மேலே பொம்மர் இரையுது, என் வாயில் தேவாரம், இவ சிரிக்கிறா! மகாதேவியம்மாவும் சேர்ந்து சிரிக்கிறா! அந்தச் சிரிப்பில் தரகன் துள்ளி எழும்பி மண்மூட்டையில் தலையை இடிக்க, மூட்டை கிழிந்து மண் எல்லாம் இரண்டு பேருடைய முகத்திலும் கொட்டிப்போட்டுது. பொம்மர் போனபிறகு வெளியே வந்து பார்த்தால், இரண்டு பேரும் மாவில் பிரட்டின மோதகம் மாதிரி நிற்கிறார்கள். நேரே கிணத்தடிக்குப் போனார்கள். குணலட்சுமி பயற்றம் மாவைக் கொண்டுவந்து கொடுக்க, ஆளுக்கொரு வாளி அள்ளிக் கழுவினார்கள். மகாதேவியம்மா துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, செல்வநாயகியின் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. "பெட்டைக்கு ஐம்பது வயசில இந்த முகமெண்டால் என்ரை மோன் குடுத்துவைச்சவன். நல்ல நாளைப் பாருங்கோ, அண்ணை" என்றா. குணலட்சுமி வாளியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். ஆவணியில் கொழும்பில் கலியாணம். நீர் வரவேண்டும். வெறுங்கையோடு வாரும்.

ஆனால் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, சொல்லிப்போடுகிறேன். கிணத்தடியில் ஈர முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற என்ரை மனுசியை நான் பார்த்தேன். அந்த முகத்தில் என்ன பிழை? கோடு இருக்குத்தான். பாதிக் கோடு நான் போட்டது, ஒப்புக்கொள்ளுகிறேன். நெற்றியில் குறுக்கே ஓடுகிறது நீர் போட்டது. ஏஜன்சிக்காரனோடு வெளிக்கிட்டுப் போய், எந்த நாட்டில் நிற்கிறீர், உயிரோடு நிற்கிறீரோ என்று ஒரு வரி எழுதாமல் இருந்தீரே, அந்த மாதங்களில் விழுந்த கோடு. அதைப் போட்டதும் நீர், இப்போது அதை அழிக்கப் போத்தல் அனுப்புகிறதும் நீரோ? எனக்கு அந்த முகம் அப்படியே வேணும். சிரிக்கவும் வேணும்.

ஆகவே, பழுதடைந்த பண்டங்களை அழிக்கும் விதிமுறைப்படி ஆறு போத்தலையும் நானே கோடிக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டேன். இனிமேல் இப்படியான குப்பை ஒன்றும் என் வீட்டுக்கு வரக்கூடாது. சவர்க்காரமும் இழுப்பு மருந்தும் மட்டும் அனுப்பும். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. செல்வநாயகி கிறீமைத் தொட்டுக் கனநாளாகிவிட்டது. நான் வழக்கம்போலக் கன்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்கிறேன். சிவலை இன்னும் பாலை ஒளிக்குது. மாட்டு வைத்தியரைக் கூப்பிட யோசித்திருக்கிறேன்.

உமது மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடும். கந்தசுவாமியார் உமக்குத் தீர்க்காயுளும் கடையில் சாமான் பார்த்து வாங்குகிற புத்தியும் தருவாராக.

இப்படிக்கு,
உமது அன்புள்ள அத்தான்,
சி. பஞ்சலிங்கம்.

பி.கு: தம்பி, இது அக்கா எழுதிறன். அத்தான் கடிதத்தை ஒட்டச்சொல்லித் தந்துபோட்டுக் கோயிலுக்குப் போயிட்டார். எல்லாம் வாசிச்சன். நெத்திக் கோட்டைப் பற்றி எழுதினதை நீ மனசில வைச்சிராதை, அது வெயிலுக்கு விழுந்தது. அத்தான் புதைச்சது அஞ்சு போத்தல். நீல மூடி கிணத்தடிக் கல்லுக்குப் பின்னால இருக்கு. காலமை சவரம் எடுத்தவுடனை ஒருத்தருக்கும் தெரியாமல் தடவிக்கொண்டுதான் கன்று பிடிக்க வாறார். பிறகு மாடு என்னெண்டு பால் தரும்? முந்தநாள் சந்தையில ஆரோ "ஐயா, முகம் நல்லா நிறம் வைச்சிட்டுது" எண்டு சொன்னதிலை இருந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு நகருறாரில்லை. நான் கண்டும் காணாதமாதிரி இருக்கிறன், பாவம். அந்தப் போத்தலும் முடியப்போகுது. ஆனபடியால் கலியாணத்துக்கு வரேக்கை நீல மூடி மூண்டு கொண்டு வா, அத்தானுக்கு ஒண்டு, சம்பந்தியம்மாவுக்கு ஒண்டு, எனக்கும் ஒண்டு. பெட்டியை மட்டும் அங்கையே கழட்டி எறிஞ்சுபோட்டு வா.