பெரிய சாருக்கு ஊதிய விசில்

பம்பாயில் விசிலுக்குப் பயந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, மாஹிம் ஸ்டேஷனில் கிளம்பிவிட்ட வண்டியைத் துரத்துகிறவர்கள். இன்னொன்று, அறுபதுகளில் தாராவியில் எங்கள் விசில் அண்ணாச்சியின் எல்லைக்குள் குடியிருந்தவர்கள். முதல் வகைக்காவது அடுத்த வண்டி உண்டு.

அண்ணாச்சிக்கு வார்டு ஆபீஸில் துப்புரவு மேற்பார்வை வேலை. தெருக் கூட்டுகிறவர்களை வேலை வாங்குவது சர்க்கார் கொடுத்த பொறுப்பு. குப்பை போடுகிறவர்களை ஓட ஓட விரட்டுவது அவராக எடுத்துக்கொண்டது. காக்கி அரைக்கால் சட்டை, மணி இல்லாத சைக்கிள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளை விசில். வாழைப்பழத் தோல் நம் கையை விட்டுத் தரையைத் தொடுவதற்குள் விசில் வந்துவிடும். ஊரிலிருந்து வந்து இறங்கிய சொந்த மாமியாரையே, புளியங்கொட்டையை வாசலில் எறிந்ததற்காக ஊதி உட்காரவைத்தவர்.

ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை, வெற்றிலைச் சாற்றைச் சாக்கடைக்குக் குறிவைத்துச் சுவரில் துப்பினார். எங்கிருந்தோ ஒரு விசில்! நாதஸ்வரக்காரர் திடுக்கிட்டு வாசிப்பை நிறுத்திவிட்டார்.

“தொடச்சிட்டுப் போங்க மாப்ளே. முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி கிடக்கு” என்றார் அண்ணாச்சி.

மாப்பிள்ளை துடைத்தார். பட்டு அங்கவஸ்திரத்தால் துடைத்தார். நான் இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. மணமேடையில் அந்த அங்கவஸ்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே நான்தான்.

இப்படிப்பட்டவரின் விசில் எடுபடாத ஒரே இடம் எங்கள் பொதுக் கக்கூஸ். ஆபீஸ் கோப்பில் அதற்குப் பன்னிரண்டு கதவு. நேரில் இரண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மிச்சம் பத்தும் இடிந்து, பலகை அடித்துக் கிடந்தன. வரிசையில் நின்று முடியாத பெண்கள் விடியுமுன் கூட்டமாகக் கழிமுகப் பக்கம் போவோம். ஒரு மழை நாளில் அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் மைனி அங்கே சேற்றில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள்.

அன்று அண்ணாச்சி யாரையும் பார்த்து ஊதவில்லை. உட்கார்ந்து மனு எழுதினார். பதில் வந்தது: கோப்பின்படி பன்னிரண்டு கதவுகள் உள்ளன, போதுமானது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். ஐந்தாவது பதிலைக் குழாயடியில் எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கத்தினார்:

“பன்னெண்டு கதவும் கோப்புலதான் இருக்காம்! அப்பம் நாமெல்லாம் கோப்புலயே போயி இருந்துக்கிடுவோமா?”

அந்த நேரத்தில் ஆபீஸுக்குப் புது அதிகாரி வந்தார். மாட்டுங்காக்காரர், தமிழர். பெரிய சார் என்போம். ‘எங்கள் தெருவின் சுத்தத்தைத் தாங்கள் நேரில் வந்து பாராட்ட வேண்டும்’ என்று அண்ணாச்சி அவரை அழைத்தார். பாராட்ட வரச் சொன்னால் எந்த அதிகாரி மறுப்பார்? ஒரு காலை நேரத்தில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

முதல் நாளே அண்ணாச்சி வீடு வீடாக வந்தார். “தாயி, பெரிய மனுசன் வாராரு. குடிக்க எதுவும் குடுக்காம விட்டுராதிய” என்றார். சொல்லும்போது அவர் கண் சிரித்த சிரிப்பிலேயே எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

முதல் வீட்டில் சாயா. இரண்டாவது வீட்டில் மோர். மூன்றாவதில் பானகம். என் பங்கு சுக்குக் காப்பி, பெரிய தம்ளரில். தோல் பட்டறை ராவுத்தர் செம்பு நிறைய சர்பத்தோடு வாசலிலேயே நின்றார்.

“போறும், போறும்” என்றார் பெரிய சார்.

“ஒரு வாய் சார். குடிக்கலன்னா எங்களுக்கு மனசு சங்கடமாயிரும்.”

ஏழாவது வீட்டைத் தாண்டும்போது அவர் நடை மாறியது. அண்ணாச்சியின் காதருகே குனிந்தார். “ஓய், இங்க பக்கத்துல எங்கயாவது... இருக்குமோ?”

“இருக்கு சார்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார் அண்ணாச்சி. “பன்னெண்டு கதவு!”

கையில் ஒரு டப்பாத் தண்ணீரையும் கொடுத்து அழைத்துப் போனார். ஆண்கள் வரிசையில் பதினோரு பேர். பெரிய சார் யாரையும் பார்க்காமல் நேரே முன்னால் போய்க் கதவில் கைவைத்தார்.

விசில்!

ஊதிய பிறகுதான் யாரைப் பார்த்து ஊதினோம் என்பது அண்ணாச்சிக்கே உறைத்தது. பெண்கள் வரிசையில் நின்ற நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

“யாரைப் பாத்துங்காணும் ஊதறீர்? உம்ம வேலை போயிடும், தெரியுமோல்லியோ?”

“தெரியும் சார்.” அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஆனா இவ்வளவு பேரும் அரை மணியா நிக்காவ. பின்னால வாங்க சார்.”

பெரிய சார் வந்தார். வேறு என்ன செய்வார்? சண்டை போடவும் நேரமில்லை. ஒற்றைக் காலில் நின்றார். கால் மாற்றினார். வானத்தைப் பார்த்தார். “இன்னும் எத்தனை பேர்ப்பா?” என்று முன்னால் நின்றவரைக் கேட்டார்.

“ஒம்பது பேரு சார். இப்பம் உள்ள போனவருக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.”

அவர் பார்வை எங்கள் பக்கம் திரும்பியது. மைனியின் இன்னும் கட்டு அவிழ்க்காத கையில் நின்றது. “கையில என்னம்மா?”

“கழிப்பக்கம் போகையில வழுக்கிட்டு சார். இந்த வரிசை நகரலன்னா இன்னைக்கும் அங்கனதான் போவணும்.”

பெரிய சார் தலையைக் குனிந்துகொண்டார். கதவு திறந்ததும் முதலில் நின்ற பட்டறைத் தொழிலாளி ஒதுங்கி வழிவிட்டார். “நீங்க போங்க சார். எங்களுக்குப் பழக்கம்.”

பெரிய சார் ஓடினார். வெளியே வந்தவர் நேரே ஆபீஸைப் பார்த்து நடந்துவிட்டார். “வேலை போச்சு தாயி” என்று அண்ணாச்சி எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து, ஒரே தபாலில் இரண்டு காகிதம். ஒன்றில், பத்துக் கதவும் புதிதாகக் கட்டி விளக்குப் போட உத்தரவு. இன்னொன்றில், மேலதிகாரியை அவமதித்ததற்காக அண்ணாச்சிக்குக் கோவண்டிக்கு மாற்றல். நாங்கள் அழுதோம். அவரோ குதித்தார்.

“கோவண்டியில குப்பை மலையாக் கிடக்காம்லா! ஊதி ஊதி எனக்கு வாய் வீங்கப் போவுது பாருங்க!”

இரண்டு மழைக்காலம் அங்கே ஊதினார். இரண்டாவது மழையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைத்த சாக்கடையைத் திறந்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்விட்டார். கோவண்டியிலிருந்தும் மாஹிமிலிருந்தும் ஆட்கள் வந்து தெரு கொள்ளவில்லை. அவ்வளவு மாலை, அவ்வளவு பூ. ஊர்வலம் போன பின் பார்த்தால் தரையில் ஓர் இதழ் இல்லை. எவனுக்கும் கீழே போடத் தைரியம் வரவில்லை.

அவரிடம் நான் கூச்சத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் எங்கே போவது? எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதே கதைதான். அந்தப் பத்துக் கதவும் திறந்த அன்று சாயங்காலம், குடத்தைச் சாய்த்து, தாகம் தீரும் மட்டும் குடித்தேன் அண்ணாச்சி.