வரெக்கீனா அக்காவும் பூங்காக் கறுப்பியும்

பலெர்மோ நகரத்தில் வரெக்கீனா அக்காவின் கண்ணில் பட்ட பிறகும் உயிர் தப்பிய அழுக்கு என்று ஒன்று இருந்ததே இல்லை. சிசிலிக்கு அராபியர் வந்தார்கள், நோர்மானியர் வந்தார்கள், ஸ்பானியர் வந்தார்கள் என்று அந்த ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனை பேரும் விட்டுப்போன ஊத்தையை ஒற்றை ஆளாகக் கழுவித் தீர்ப்பதற்கென்றே ஊர்காவற்றுறையில் கப்பலேறி வந்தவர் போலத்தான் அக்கா நடந்துகொண்டார்.

வரெக்கீனா என்பது இத்தாலியர் துணி வெளுக்கவும் நிலம் கழுவவும் பாவிக்கும், மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம். அக்காவின் கைப்பையில் ஒரு சிறு போத்தல் எப்போதும் இருக்கும். மற்றப் பெண்கள் வாசனைத் திரவியம் வைத்திருக்கும் இடத்தில் அது இருக்கும். அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சுவாமிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போய் இறங்கிய முதல் ஞாயிறே எனக்கு அதிர்ச்சி. தமிழ்ப் பூசை நடந்துகொண்டிருக்கிறது, சுவாமி உருக்கமாகப் பிரசங்கம் வைக்கிறார். அக்கா எழும்பிப் போய்ப் பீடத்துக்குப் பக்கத்துத் தூணில் வடிந்திருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினார். கர்ர்ர், கர்ர்ர் என்று கோயில் முழுக்கச் சத்தம். சுவாமி பிரசங்கத்தை நிறுத்தினார்.

"அக்கா, முதல்லை நான் பாவத்தைக் கழுவி முடிக்கிறன். பிறகு நீங்கள் தூணைக் கழுவுங்கோ."

"நீங்கள் சொல்லுங்கோ சுவாமி, எனக்குக் காது கேக்குது," என்றார் அக்கா. கை நிற்கவில்லை.

அவருடைய கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தில் சமையலறை வேலை. வேலை முடிந்து வரும் மனிதரை மீன் மணத்தோடு வாசலைத் தாண்ட அக்கா விடமாட்டார். உடுப்பை வெளியிலேயே கழற்றிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிசிலியக் கிழவி கதவைத் திறந்தபோது, படிக்கட்டில் ஒரு மனிதர் அரைக் காற்சட்டையோடு கையில் பையுடன் நின்று பணிவாக "புவோனா சேரா" என்று மாலை வணக்கம் சொன்னாராம். கிழவி சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இன்னொரு நாள் வதிவிடக் கடுதாசி அலுவலாக ஓர் அரசாங்கக் கந்தோரில் வரிசையில் நின்றோம். யன்னல் கண்ணாடியில் வருடக்கணக்கான விரலடையாளம். "ஆளின்ரை முகமே தெரியேல்லை, இவர் எப்பிடி என்னைப் பாத்து முத்திரை குத்துவார்?" என்று அக்கா போத்தலை எடுத்தார். கண்ணாடி பளிங்காகத் துலங்கியது. அப்போதுதான் வரிசையின் முழு நீளமும் அதிகாரியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மனிதர் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார், எழும்பினார், யன்னலைப் பூட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கியது பூங்காச் சம்பவம்.

லிபெர்த்தாப் பகுதியில் நானும் அக்காவும் ஒரே கட்டிடத்தில் வேலை செய்தோம். நான் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். எனக்கு மேல்மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, அக்கா பார்த்துக்கொண்டார். பல்கனியில் சிஞ்ஞோரா வெயில் காய்வதைக் காணும்போதெல்லாம், அக்கா அவரையும் அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும். அந்தப் பல்கனிக்கு நேர் எதிரேதான் பூங்கா.

விக்டோரியா மகாராணி காலத்தில், இங்கிலாந்துப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வந்த பலெர்மோப் பணக்காரர்களுக்குத் தங்கள் ஊரிலும் அதுபோல ஒன்று வேண்டுமென்று ஆசை வந்ததாம். நெளிந்து வளைந்து போகும் பாதைகள், பழையது போலத் தோன்றும்படி புதிதாகக் கட்டிய ஒரு குகை, இரும்பில் கொடியும் இலையுமாக வார்த்த வாத்திய மண்டபம், நடுவில் சலவைக்கல் நீரூற்று என்று எல்லாம் செய்து வைத்தார்கள். "ஞாயிற்றுக்கிழமையில் அப்பா என்னை பாண்டு கேட்கக் கூட்டி வருவார். அந்த மண்டபத் தூண்களெல்லாம் தங்க நிறம்," என்று சிஞ்ஞோரா சொல்லிக்கொண்டே இருப்பார்.

நாங்கள் போன காலத்தில் தங்கமும் இல்லை, பாண்டும் இல்லை. மண்டபத்துக் கூரை ஓட்டையாகி, இரும்பு இலைகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. நீரூற்றில் தண்ணீர் வந்ததைக் கண்டவர் எவரும் எங்களில் இல்லை. அதன் நடுவில் குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண் சிலை. வாகனப் புகையும் பாசியும் படிந்து அட்டைக் கறுப்பு. மன்னாரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் மாதா என்று நினைத்துக் கைகூப்பி, பிறகு தோளில் துணி இல்லாததைக் கண்டு அவசரமாகக் கையை இறக்கினார். நாங்கள் அவளுக்குக் கறுப்பி என்று பெயர் வைத்திருந்தோம். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எங்களுக்கு லீவு. "கறுப்பியடியிலை நில்லுங்கோ, வாறன்" என்றால் போதும். பூங்காவில் எங்களைப் போல இருந்த ஒரே ஆள் அவள்தான்.

பூட்டியும் இடிந்தும் கிடந்ததையெல்லாம் நகரம் திருத்தத் தொடங்கிய வருடங்கள் அவை. பூங்காவுக்கும் முறை வந்தது. மண்டபத்தைக் கழற்றி இரும்பு இலைகளைத் திருத்தக் கொண்டுபோனார்கள். நீரூற்றைச் சுற்றித் தகர வேலி அடித்து, கறுப்பிக்குப் பலகைச் சாரம் கட்டினார்கள். வேலையைப் பொறுப்பெடுத்தவர் ஓர் இளம் பெண். எல்லோரும் அவரைத் தொத்தொரெஸ்ஸா என்றார்கள், படித்த பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வேலையை மாடியிலிருந்து பார்க்கப் பார்க்க அக்காவுக்கு இரத்தம் கொதித்தது. தொத்தொரெஸ்ஸா பஞ்சுத் துண்டும் பல் விளக்கும் தூரிகையும் ஆஸ்பத்திரிக் கத்தி போல ஒரு சின்னக் கத்தியும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையளவு இடத்தை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இஞ்சை வந்து பார்," என்று அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு காலைக் கழுவ ஒரு கிழமையாம்! நான் இப்பிடி வேலை செய்தா சிஞ்ஞோரா என்னை வைச்சிருப்பாவே?"

"அக்கா, அது பழைய சிலை. பக்குவமாச் செய்யினம்."

"பழசெண்டா ஊத்தையும் பழசு. பழைய ஊத்தைக்குப் பலத்த மருந்து வேணும்."

அந்த மருந்து என்னவென்று நான் கேட்டிருக்கவில்லை.

ஒரு மத்தியானம், வேலைக்காரர் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். துணி காயப்போடப் பல்கனிக்கு வந்த நான் கீழே பார்த்தேன். வேலிக் கதவைச் சுற்றியிருந்த கம்பி அவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே, கறுப்பியின் காலடியில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா! ஒரு கையில் தேய்க்கும் பிரஷ், மறு கையில் போத்தல். வரெக்கீனா போத்தல் இல்லை. கழிவறைக் கறை உரிக்கும் அசிட்!

எப்படிப் படியிறங்கினேன், எப்படி வீதியைக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கிட்டப் போனபோது கறுப்பியின் கால் பெருவிரல் பாற்கடல் மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது.

"பார் பிள்ளை, பார்! ஊத்தை துடிச்சுச் சாகுது!" அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

எனக்குப் பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது. தொத்தொரெஸ்ஸாவின் கையிலிருந்த அரஞ்சீனா, அதுதான் அந்த ஊர்ச் சோற்று உருண்டைப் பொரியல். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மரத்திலிருந்த புறாக்கள் முழுவதும் ஒன்றாகக் கிளம்பின. அக்கா அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு, மற்ற விரலுக்குப் போத்தலைச் சரித்தார்.

தொத்தொரெஸ்ஸா கத்தியது விளங்கியதும் நான் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, விடுங்கோ! அது ஊத்தை இல்லையாம். கல்லாம். சலவைக்கல்லுதான் கரைஞ்சு நுரைக்குதாம்!"

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "கல்லோ? அவவின்ரை காலோ?"

"ஆக்குவா! ஆக்குவா!" என்று தொத்தொரெஸ்ஸா அலறினார். தண்ணீர் என்ற அந்தச் சொல் அக்காவுக்கு விளங்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். நிறைத்தார், கொண்டுவந்தார், மறுபடி ஓடினார். ஒருத்தி ஊற்ற மற்றவள் கழுவ, இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். நுரை அடங்கியபோது பெருவிரல் நகம் இருந்த இடம் சப்பிய கற்கண்டு போல மழுங்கியிருந்தது.

அக்கா ஈரத்தோடு நிலத்தில் குந்தினார். அந்தக் காலைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுக்கொள்ளணை," என்றார். சிலையிடம்தான் சொன்னார். எவரையும் வெருட்டியே பழகிய குரல் அப்படிச் சின்னதாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அன்றைய அதிர்ச்சிகளில் அதுதான் பெரிது.

தொத்தொரெஸ்ஸா பொலிசில் முறைப்பாடு செய்யப்போவதாகச் சொன்னார். அக்காவின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம். முறைப்பாடு ஒன்று பதிந்தால் குடும்பத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். எங்கள் ஊரில் அப்போது சண்டை. திரும்பிப் போக அவர்களுக்கு வீடும் இல்லை.

அந்த நேரம் வேலிக்குள் ஓர் உருவம் நுழைந்தது. வீட்டுச் செருப்பும் இரவு உடுப்புமாகச் சிஞ்ஞோரா! மாதக்கணக்காகப் படி இறங்காதவர், சத்தம் கேட்டுக் கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியாக இறங்கி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பொலிசைக் கூப்பிடு மகளே. அவர்கள் முதலில் கேட்பார்கள், கதவைக் கம்பியால் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனது யார் என்று."

தொத்தொரெஸ்ஸாவின் முகம் சிவந்தது.

"இவள் செய்தது பெரிய பிழை," என்று சிஞ்ஞோரா தொடர்ந்தார். "என் வெள்ளிக் கரண்டிகளுக்கும் இதைத்தான் செய்தாள். ஆனால் காலையில் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவது இவள்தான். இவளை அனுப்பினால் நான் எழும்ப மாட்டேன்."

தொத்தொரெஸ்ஸா நனைந்த சப்பாத்தைப் பார்த்தார், நிலத்தில் குந்தியிருந்த அக்காவைப் பார்த்தார். கடைசியில், "இந்த வேலிக்குள் இவர் இனிக் கால் வைக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிஞ்ஞோராவைத் தாங்கி மேலே கொண்டுபோனோம். அதில் யார் யாரைத் தாங்கியது என்று சொல்வது கஷ்டம்.

அக்கா அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். வேலிக்கு உள்ளே போகவில்லை. மறுநாளிலிருந்து வேலிக்கு வெளியே காவல் நின்றார். ஓய்வு கிடைத்தால் அங்கேதான். பந்து விளையாட வந்தவர்களை விரட்டினார். நாயைக் காலைத் தூக்க விடவில்லை. கலியாணப் படம் எடுக்க வந்த ஒரு சோடி வேலியில் சாய்ந்ததென்று, மணமகளின் வெள்ளை உடுப்பையும் பாராமல் ஏசினார். அதோடு விட்டாரா? தகர இடுக்கால் பார்த்துக்கொண்டே தொத்தொரெஸ்ஸாவுக்கு உத்தரவு வேறு: "பியானோ! பியானோ!" மெதுவாக, மெதுவாக!

ஒருநாள் தொத்தொரெஸ்ஸா பொறுமையிழந்து எட்டிப் பார்த்தார். "நான் மெதுவாகச் செய்கிறேன் என்றுதானே நீங்கள் அசிட் கொண்டுவந்தீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். "சொல்லு பிள்ளை அவவுக்கு. அப்ப எனக்கு இவ கல்லு எண்டு தெரியாது."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தொத்தொரெஸ்ஸா முதல் தடவையாகச் சிரித்தார்.

பூங்கா திறந்த ஞாயிறு ஊரே திரண்டது. வாத்திய மண்டபம் அத்தனை இலையோடும் எழும்பி நின்றது. நிறம் மட்டும் பச்சை. துருவைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் பச்சைதான் இருந்ததாம். "பொய்! தங்கம்தான்!" என்று நாற்காலியில் கொண்டுவரப்பட்ட சிஞ்ஞோரா கைத்தடியால் நிலத்தை இடித்தார். பாண்டு தொடங்கியதும் அடங்கிவிட்டார். பிறகு கறுப்பியின் திரையை இழுத்தார்கள்.

கைதட்டல் வானைப் பிளந்தது. எங்கள் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பாலாலே வார்த்தது போல ஒரு வெள்ளைக்காரி அங்கே நின்றாள்.

"உவ ஆர்?" என்று கேட்டார் அக்காவின் கணவர்.

"கறுப்பியப்பா," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

உலகத்தையே வெளுக்கப் புறப்பட்ட அக்கா வாயில் கைவைத்தபடி நின்றார். "கடவுளே, இவ்வளவு வெள்ளையே!" என்றார். பாதி சந்தோசம், பாதி பயம். "எங்களோடை நிண்டவ எண்டு நினைச்சன்." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "பறவாயில்லை. வடிவாத்தான் இருக்கிறா," என்றார். நாங்கள் பெயரை மாற்றவில்லை. ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் "கறுப்பியடியிலை நில்" என்பதைக் கேட்டு, பூங்கா முழுக்க ஒரு கறுத்த சிலையைத் தேடி அலைந்து திரிந்தார்கள்.

அடுத்த வருடம் எனக்கு மகன் பிறந்தான். கணவரைத் தவிர உறவென்று அந்த ஊரில் எனக்கு எவரும் இல்லை. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் சட்டத்தில் தூசு இருந்தது, நான் கண்டேன், அவரும் கண்டிருப்பார். தொடவில்லை. பிள்ளையை நீட்டினேன். அவர் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. எவ்வளவு கழுவியும் மணம் போகுதில்லை. பாலனுக்குக் கூடாது."

நான் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து, மகனை அவற்றில் கிடத்தினேன். அழுதுகொண்டிருந்தவன் நிறுத்தினான். ஒன்றிரண்டு மாதத்தில், அக்கா வந்து தூக்காவிட்டால் அவன் நித்திரை கொள்ளமாட்டான் என்ற நிலை வந்தது. அவருக்கு வேலை இருந்த நாட்களில் என்ன செய்வது? வீட்டு நிலத்தை வரெக்கீனாவால் துடைத்துவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். அக்கா வந்திருக்கிறார் என்று நினைத்து, பாவம், தூங்கிவிடுவான்.