குட், பெட்டர், உடப்புசல்லாவை

ஒரு விடுகதை போடுகிறேன். தனியாக நின்றால் நெட்டையன். பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் குட்டையன். காலும் தேயவில்லை, முதுகும் வளையவில்லை. யார் அவன்?

நிழல் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எங்கள் மலைநாட்டு அக்கரப்பத்தனையில் நிழல் விழுகிற அளவுக்கு வெயில் அடிப்பதே அபூர்வம்.

விடை நான்தான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் கணேசமூர்த்தி. வகுப்பில் தனியாக நிற்கும்போது நான் 'டால்'. பக்கத்தில் தேயிலை ஆலை டீமேக்கர் வந்து நின்றால் அவர் 'டாலர்'. பெரிய துரையும் வந்துவிட்டால் அவர் 'டாலஸ்ட்'. வீட்டுக்குள் போய் என் மனைவி நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் நின்றால், நான் எந்த அளவு என்று சொல்ல இங்கிலீஷிலும் சொல் இல்லை, தமிழிலும் சொல் இல்லை.

உயரத்தைச் சொல்லவில்லை. வாக்குவாதத்தைச் சொல்கிறேன். பதினொரு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் ஒரு வாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை. ஆகவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். தமிழில் பேசுவதால்தானே தோற்கிறேன்? இனிமேல் வாதத்தை இங்கிலீஷில் நடத்துவது.

காரணம் இருந்தது. சித்திரை லீவு வந்துகொண்டிருந்தது. நுவரெலியாவில் சீசன். குதிரை ஓட்டம், பூக்கண்காட்சி, ஏரியில் படகு. இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. இந்த வருஷம் குடும்பத்தோடு போய்விடுவது என்று என் கம்பளிக் கோட்டைக்கூட அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்திவிட்டேன்.

நான் குறித்துவைத்த அதே நாளில் உடப்புசல்லாவையில் காதுகுத்து.

யார் வீட்டில்? என் தங்கை அழகம்மாவைக் கட்டியிருப்பவர் நாகலெட்சுமியின் அண்ணன் சின்னத்தம்பி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அவர்கள் மகனுக்குத்தான் காதுகுத்து. "நம்ம வீட்டு ஆளு போகாம இருக்க முடியுமா?" என்று நாகலெட்சுமி ஒரே பிடியாக நின்றாள்.

எனக்கோ அந்த ஊர் என்றாலே நடுக்கம். போன தடவை போனபோது, இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் வந்திருக்கிறார் என்று தொழிலாளர் லயம் முழுவதும் பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரங்களோடு வரிசையில் நின்றுவிட்டது. மூன்று நாளில் அறுபத்து நாலு பாரம் நிரப்பினேன். கடைசிப் பாரத்தில், தகப்பன் பெயர் என்ற இடத்தில், தூக்கக் கலக்கத்தில் என் தகப்பன் பெயரை எழுதிவிட்டேன். இப்போது அந்தத் தோட்டத்தில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்.

"லெட்சுமி, நம்ம பூரணி இப்பக் கம்பேரிசன் படிக்கிறா," என்று மெதுவாக ஆரம்பித்தேன். பூரணி எங்கள் ஒரே மகள். எட்டு வயது.

"அப்படின்னா என்னங்க?"

"ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டுச் சொல்றது. டால், டாலர், டாலஸ்ட்."

"டாலரா? சங்கிலியில கோக்குறதா? எப்ப வாங்கித் தரப் போறீங்க?"

"அந்த டாலர் இல்ல புள்ள! ஒருத்தரை விட இன்னொருத்தர் நெட்டைன்னு சொல்றது. தமிழ்ல 'விட'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டாப் போதும். நீயே சொல்லு பார்ப்போம். உங்களை விட..."

"உங்களை விட எனக்கு மனசு வராதுங்க."

இவளைத் தமிழில் எப்படி ஜெயிப்பது? நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"லீவுக்கு எங்க போறதுங்கிறதை இங்கிலீஷ்ல பேசித் தீர்ப்போம். நான் என் கட்சியைச் சொல்றேன். நீ உன் கட்சியைச் சொல்லு. பூரணி எதை எடுக்கிறாளோ அதான் முடிவு."

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே?"

"அதுக்கு நான் என்ன பண்ணுறது?"

"சரிங்க," என்றாள்.

அவள் வாதாடினால் எனக்குத் தோல்வி. வாதாடாமல் 'சரிங்க' என்றால் படுதோல்வி. அன்றைக்கு இது எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை.

மாலை நேரங்களில் பூரணியையும் ஐந்தாறு தோட்டப் பிள்ளைகளையும் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். நடுவில் ஒரு பலகைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி ரொட்டி தட்டுவாள். அந்த வாரம் முழுவதும் ஒரே பாடம்தான்.

"நுவரெலியா இஸ் நியரர் தேன் உடப்புசல்லாவை!" என்பேன். பிள்ளைகள் கூரைத் தகரம் அதிரச் சொல்லுவார்கள். "நுவரெலியா இஸ் பிக்கர் தேன் உடப்புசல்லாவை!" மறுபடியும் தகரம் அதிரும்.

"ஒண்ணு இருந்தா குட். ரெண்டு இருந்தா பெட்டர். மூணு இருந்தாத்தான் பெஸ்ட். மூணாம் படி ஏறாம பாடம் முடியாது!" என்று பிரம்பால் மேசையைத் தட்டினேன்.

ராக்காயி என்ற பிள்ளை கையைத் தூக்கினாள். "சார், கிளாக்கர், டீமேக்கர், மாஸ்டர் எல்லாம் 'அர்'லதானே முடியுது? அப்ப மாஸ்டர் ரெண்டாம் படிதானா? மூணாம் படியில யாரு சார் இருக்காங்க?"

பலகைக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டில் மூன்று ரொட்டிகள் வேறு வேறு அளவில் வந்தன. என் தட்டில் விழுந்ததுதான் குட்டி. "ஸ்மாலஸ்ட்" என்று ஒரு முணுமுணுப்பும் கேட்டது. பூரணி பாடத்தை மறக்காமல் சொல்லிப் பார்க்கிறாள் என்று பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டை மாட்டிக்கொண்டு நடு வீட்டில் நின்றேன். பூரணி நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்தாள்.

"உடப்புசல்லாவை இஸ் குட்," என்றேன். தோற்கப்போகிற கட்சியையும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டாமா? "பட், நுவரெலியா இஸ் பெட்டர்!"

உட்கார்ந்தேன். "இப்ப நீ சொல்லு. இங்கிலீஷ்ல."

நாகலெட்சுமி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வாட் இஸ் பெஸ்ட்?" என்றாள்.

என் கோட்டுப் பொத்தான் ஒன்று தானாகவே தெறித்து ஓடியது.

"இது... இதை எங்க படிச்ச?"

"நீங்க போட்ட சத்தத்துல கல்லுல கிடந்த ரொட்டிக்கே இங்கிலீஷ் வந்திருச்சு. எனக்கு வராதா? நடுவுல நடுவுல தேன் வேற ஊத்துனீங்க."

"இருக்கிறது ரெண்டு ஊரு. ரெண்டுக்குப் பெட்டரே போதும்!"

"மூணாம் படி ஏறாம பாடம் முடியாதுன்னு மேசையைத் தட்டினது யாருங்க? பாதிப் பாடத்துல எந்திரிச்சுப் போற வாத்தியாருன்னு பேரு எடுக்கப் போறீங்களா?"

"சரி, மூணாவது எது? சொல்லித் தொலை!"

"காது குத்துறப்ப புள்ளைய மடியில வச்சுக்கிறது யாரு?"

"தாய்மாமன்."

"அழகம்மா புள்ளைக்குத் தாய்மாமன் யாரு?"

"நான்தான்."

"அத்தைக்காரி மடிக்கு அங்க என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

"அவ்வளவுதாங்க. நீங்க உடப்புசல்லாவைக்குப் போங்க. நானும் பூரணியும் நுவரெலியாவுக்குப் போறோம். உங்க பஸ்ஸு எப்படியும் அந்த வழியாத்தான் போவும். எங்களை ஏரிக்கிட்ட இறக்கிவிட்டுட்டுப் போங்க. அதான் பெஸ்ட்."

"அடிப்பாவி! போகணும் போகணும்னு நின்னது நீதானே?"

"வீட்டு ஆளு போகணும்னு சொன்னேன். நான் போகணும்னு எப்பச் சொன்னேன்? அங்க போனா மூணு நாளும் அம்மியை விட்டு எந்திரிக்க விடுவாங்களா எங்க அண்ணன் வீட்டுல? நீங்க பாரம் நெரப்புன மூணு நாளும் நான் மொளகா அரைச்சேன். அது உங்க கண்ணுல பட்டுச்சா?"

படவில்லை. அதனால் பூரணி பக்கம் திரும்பினேன்.

"பூரணி, நல்லா யோசிச்சுச் சொல்லு. பெட்டர்னா நாம மூணு பேரும் போறோம். அப்பாவும் கூடவே வருவேன். ஏரிக்கரையில உக்காந்து புதுப் பாடம் சொல்லித் தருவேன்."

பூரணி யோசித்தாள். "அப்பா, பெட்டர் பெருசா, பெஸ்ட் பெருசா?"

ஒரு பொய். ஒரே ஒரு பொய் போதும். குதிரையும் படகும் பூவும் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் பதினாலு வருஷமாக எந்தப் பிள்ளைக்கும் நான் பாடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. வாய் வரவில்லை.

"பெஸ்ட்தாம்மா," என்றேன்.

பூரணி பெஸ்ட்டை எடுத்துக்கொண்டாள்.